புல்லைப் புரியாக்கிய குளிர்காலம்

(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு குளிர்காலம். ஒரே ஒரு குளிர்காலம். 1880 அக்டோபரில் தொடங்கி, 1881 ஏப்ரல் வரை ஓயாத குளிர்காலம். இடம், வட அமெரிக்காவின் நடுவிலுள்ள டகோட்டா. இன்று வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா என்று இரண்டு மாநிலங்களாக இருக்கிற புல்வெளி நாடு. அங்கே புதிதாகக் குடியேறிய உழவர்கள் அந்தப் பனியை எப்படித் தாண்டினார்கள்? எதைத் தின்றார்கள்? எதை எரித்தார்கள்? மாட்டை எப்படிக் காத்தார்கள்? மனத்தை எப்படிக் காத்தார்கள்?

இந்தக் கதையை உலகம் ஒரு விதமாகச் சொல்லிப் பழகிவிட்டது. ஒரு மனிதன், ஒரு கோடரி, ஒரு குடிசை; இயற்கையை எதிர்த்துத் தனியாக நின்றான், வென்றான் என்பது அந்தக் கதை. நான் படித்த வரையில் அது உண்மையில் பாதிகூட இல்லை. தனியாக நின்றவன் பெரும்பாலும் வெல்லவில்லை. யார் பிழைத்தார்கள் என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில், இவர்கள் அங்கே ஏன் போனார்கள்? 1862ஆம் ஆண்டு மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குடிநிலச் சட்டம் என்று சொல்லலாம். சிறு கட்டணம் கட்டிப் பதிவு செய்தால் 160 ஏக்கர் நிலம். அதில் வீடு கட்டி, உழுது, ஐந்து ஆண்டு குடியிருந்தால் அது உனக்கே சொந்தம். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத நார்வேக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும், அமெரிக்காவின் கிழக்கே குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவனுக்கும் அது எப்பேர்ப்பட்ட அழைப்பு! வண்டி கட்டினார்கள், கப்பல் ஏறினார்கள், வந்தார்கள்.

ஆனால் அந்த நிலம் வெறும் நிலமா? இல்லை. டகோட்டா, லகோட்டா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி அது. ஒப்பந்தங்களாலும் படைகளாலும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. லகோட்டா மக்கள் ஆண்டைக் குளிர்காலத்தால் எண்ணினார்கள். முதல் பனி விழுந்தால் ஓர் ஆண்டு, அடுத்த முதல் பனியில் அடுத்த ஆண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சித்திரம். தோலில் வரைந்து வைத்தார்கள். குளிரையே காலக்கணக்காகக் கொண்ட அந்த மக்கள், குளிர் தொடங்கியதும் எங்கே தங்குவார்கள் தெரியுமா? திறந்த வெளியில் தங்க மாட்டார்கள். மரமடர்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவார்கள். அங்கே காற்றுக்கு மறைப்பு உண்டு, விறகு உண்டு. கூட்டமாக இருப்பார்கள்.

சட்டம் என்ன செய்தது? அதற்கு நேர் எதிராகச் செய்தது. 160 ஏக்கர் என்றால் அரை மைலுக்கு அரை மைல் சதுரம். அந்தச் சதுரத்துக்குள்ளேயே நீ குடியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் விட்டுப் போனால் உரிமை போய்விடும். ஆக ஒவ்வொரு குடும்பமும் ஒரு சதுரத்தில்; அண்டை வீடு அரை மைலுக்கு அப்பால்; நடுவே மறைப்பு இல்லை, மரம் இல்லை. நம் ஊரில் வீடுகள் தெருவாக நிற்கும், வயல் ஊருக்கு வெளியே இருக்கும். அங்கே தெருவே கிடையாது. அந்தத் தனிமையைக் குளிர் கொண்டுவரவில்லை, சட்டம் கொண்டுவந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அக்டோபருக்கு வருவோம்.

1880 அக்டோபர் 15. இலையுதிர் காலம் முடியவில்லை. பலருக்கு அறுவடையே முடியவில்லை. அன்று அடித்தது பனிப்புயல். டகோட்டாவின் பனிப்புயல் என்பது வானிலிருந்து மெல்லப் பூவாய் இறங்கும் பனி அல்ல. காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் பாயும் பனி. மாவைப் போன்ற தூள். மூக்கில் ஏறும், கண்ணை மூடும், கதவின் கீறல் வழியே வீட்டுக்குள் வரிசையாகப் படியும்.

டி ஸ்மெட் என்று ஒரு சிற்றூர். அந்த ஆண்டுதான் ரயில்பாதையை ஒட்டி முளைத்தது. அதன் அருகே இங்கால்ஸ் என்ற குடும்பம் நிலம் பதிந்திருந்தது. அந்தக் குடும்பத்தின் இரண்டாவது பெண் லாரா. அப்போது பதின்மூன்று வயது. பின்னாளில் லாரா இங்கால்ஸ் வைல்டர் என்ற பெயரில் அவர் எழுதிய நாவல் 1940இல் வெளிவந்தது. ‘தி லாங் வின்டர்’, நீண்ட குளிர்காலம். அந்த நாவலில் அக்டோபர்ப் புயல் ஓய்ந்த காலையில் ஒரு காட்சி வருகிறது. மாடுகள் சில அசையாமல் நிற்கின்றன. தலை தொங்கிக் கிடக்கிறது. அப்பா கிட்டே போய்ப் பார்க்கிறார். மாடு விட்ட மூச்சே உறைந்து, கண்ணையும் மூக்கையும் பனிக்கட்டியாக மூடியிருக்கிறது. தன் மூச்சே தனக்குத் திரையாகி, மூச்சடைத்து நிற்கிறது மாடு. அப்பா ஒவ்வொரு மாட்டிடமும் போய்க் கையால் அந்தக் கட்டியை உடைக்கிறார். உடைத்த உடனே மாடு மிரண்டு ஓடுகிறது.

இதைக் கண்ட குடும்பம் என்ன செய்தது? நிலத்திலிருந்த மெல்லிய பலகைக் குடிசையை விட்டுவிட்டு ஊருக்குள் வந்தது. இதைக் கோழைத்தனம் என்பீர்களா? நான் அறிவு என்பேன். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் எடுத்த முடிவுகளிலேயே சிறந்தது அதுதான்.

எல்லோரும் ஊருக்குள் வர முடியவில்லை. வெளியிலேயே தங்கியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? மண் வீடு அவர்களைக் காத்தது. மரமில்லாத நாட்டில், புல் வேரோடு பின்னிக் கிடக்கும் மேல்மண்ணைக் கலப்பையால் பட்டையாக வெட்டி, செங்கல் போல அடுக்கிக் கட்டிய வீடு. சுவரின் கனம் இரண்டு மூன்று அடி. மழையில் ஒழுகும், கூரையிலிருந்து பாம்பு விழும், எல்லாம் உண்மை. ஆனால் குளிருக்கு அது போன்ற காப்பு வேறில்லை. பலகை வீட்டில் இருந்தவர்கள் சுவரடியைச் சுற்றி வைக்கோலும் சாண எருவும் அணைத்து வைத்தார்கள். விழுந்த பனியையே சுவர்மேல் குவித்தார்கள். பனியைக் கொண்டே குளிரைத் தடுப்பதா என்று வியப்பாக இருக்கும். பனித்தூளுக்குள் காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது. அந்தக் காற்று சூட்டை எளிதில் வெளியே விடாது.

உணவுக்கு? நிலவறை. உறைபனி இறங்காத ஆழத்துக்குத் தோண்டிய குழியறை. அதில் உருளைக்கிழங்கு, டர்னிப், மணலில் புதைத்த கேரட். உறையவும் கூடாது, சூடேறவும் கூடாது. உறைந்த கிழங்கு இளகினால் அழுகிவிடும். ஜெர்மன் வீடுகளில் முட்டைக்கோஸைச் சீவி, உப்புச் சேர்த்து இடித்து, ஜாடியில் புளிக்க வைப்பார்கள். பச்சைக் காய் கண்ணில் படாத மாதங்களில் பல் ஈறு அழுகாமல் காத்தது அந்த ஜாடி. வைட்டமின் என்ற பெயர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தப் பாட்டிமார்களுக்கு அது தெரிந்திருந்தது.

இதெல்லாம் எப்போது செய்ய வேண்டிய வேலை? குளிரிலா? இல்லை. கோடையில். வேர்வை வழியும் ஜூலையில். பனி விழுந்த பிறகு தோண்டத் தரையே இடம் கொடுக்காது. குளிர்காலத்தை வெல்வது குளிர்காலத்தில் நடக்கும் காரியமே அல்ல.

ஆனால் டி ஸ்மெட் ஊர் வேறொன்றை நம்பியிருந்தது. ரயிலை. நிலக்கரி ரயிலில் வரும், மாவு ரயிலில் வரும், மண்ணெண்ணெய் ரயிலில் வரும். அந்த ரயிலும் நின்றுபோனது. ஏன் நின்றது? மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் எல்லாம் காற்று பனியைக் கொண்டுவந்து நிரப்பியது. நிரப்பியதை இறுக்கியது. ஆட்கள் மண்வெட்டியும் கையுமாக இறங்கினார்கள். பள்ளம் ஆழம் என்பதால், கீழே உள்ளவன் அள்ளி நடுப்படியில் போட, நடுப்படியில் நிற்பவன் அள்ளி மேலே எறிய, நாள்கணக்கில் பாதையைத் திறந்தார்கள். திறந்த மறுநாளே புயல். மீண்டும் நிரம்பியது. இம்முறை இன்னும் ஆழமாக. ஏனென்றால் அள்ளிப் போட்ட பனி இரு கரையையும் உயர்த்தியிருந்தது. அள்ள அள்ளப் பள்ளம் வளர்ந்தது! 1881 மார்ச்சில் மினசோட்டாவில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. பனிச்சுவருக்குள் ரயில் எஞ்சின் புதைந்து கிடக்கிறது. மேலே ஒருவர் நிற்கிறார். 

சனவரியில் நின்ற ரயில், மே மாதம்தான் டி ஸ்மெட்டுக்கு வந்தது.

நினைத்துப் பாருங்கள். நான்கு மாதம். நிலக்கரி தீர்ந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்தது. கடைகளில் மாவு தீர்ந்தது. அந்தப் பகுதியில் குளிர் மைனஸ் 40 பாகைவரை இறங்கக் கூடியது. விறகுக்கு மரமில்லை. எதை எரிப்பது?

புல்லை எரித்தார்கள். கோடையில் தாழ்நிலத்தில் அறுத்துப் போர் போட்டிருந்த உலர்புல். ஆனால் புல்லைப் புல்லாகவே அடுப்பில் போட்டால் என்ன ஆகும்? பக்கென்று பிடிக்கும், பொசுக்கென்று அணையும். ஆகவே முறுக்கினார்கள். கிராமத்தில் பிறந்தவர்களுக்கு வைக்கோற்புரி தெரியும். கட்டுக் கட்டவும் போர் கட்டவும் நாம் திரிக்கிறோமே, அதே வேலை. ஒரு கைப்பிடி நீண்ட புல்லை எடுத்து, ஒரு முனையை இடது முழங்கைக்கு அடியில் இடுக்கி, மறுமுனையை வலது கையால் முறுக்கிக்கொண்டே போக வேண்டும். முறுக்கு ஏறி அது தானாகவே மடங்கும் கட்டத்தில், இரண்டாய் மடித்து, முனைகளைச் சொருகினால் ஒரு விறகுக்கட்டை போல இறுகி நிற்கும். அதை அடுப்பில் போட்டால் சற்று நேரம் நின்று எரியும். சற்று நேரம்தான். உடனே அடுத்தது வேண்டும்.

குளிர்ந்த கொட்டகையில் அப்பாவும் லாராவும் நின்றுகொண்டு முறுக்குகிறார்கள். காய்ந்த தாழ்நிலப் புல்லுக்குக் கத்தி விளிம்பு, கையை அறுக்கும். விரல் விறைத்தால் அடுப்படிக்கு வந்து குளிர்காய்ந்துவிட்டு, மறுபடி போய் முறுக்குவது. பகல் முழுவதும் முறுக்கினால்தான் பகல் முழுவதும் அடுப்பு எரியும்.

அடுத்தது சோறு. மாவு இல்லை, கோதுமை மணி இருந்தது. ஆனால் ஊரில் மாவு மில் இல்லை. என்ன செய்தார்கள்? காப்பிக்கொட்டை அரைக்கும் கைப்பெட்டியில் கோதுமையைப் போட்டு அரைத்தார்கள். தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ளும் சின்ன மரப்பெட்டி. ஒரு தடவைக்கு ஒரு பிடி கோதுமை. ஒருவர் கை சலித்தால் அடுத்தவர். ஒரு நாள் ரொட்டிக்கு ஒரு நாள் அரைப்பு. பார்வையிழந்திருந்த மூத்த பெண் மேரியும் அரைத்தாள். பாலும் ஈஸ்ட்டும் இல்லாததால் புளித்த மாவை வைத்தே ரொட்டி சுட்டார் அம்மா. விளக்குக்கு எண்ணெய் இல்லை. ஒரு பொத்தானைத் துணியில் சுற்றித் திரியாக்கி, வண்டி அச்சுக்குப் போடும் மசகில் நிறுத்தி ஏற்றினார். இந்த அம்மாவைப் பற்றி உலகம் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். புல் முறுக்கியவரைப் பாடுகிறோம். பொத்தான் விளக்கு ஏற்றியவரையும் பாட வேண்டும்.

இனி மாடுகளுக்கு வருவோம். இதே டகோட்டாவிலும் பக்கத்து மொன்டானாவிலும், ஆறு ஆண்டு கழித்து 1886–87 குளிர்காலத்தில், எதிரான ஒரு பாடம் நடந்தது. அங்கே பெரும் மாட்டுப் பண்ணைகள். புல் அறுக்கவில்லை, போர் போடவில்லை. மாடு தானே மேய்ந்துகொள்ளும் என்று விட்டிருந்தார்கள். பனி உறைந்து ஓடு கட்டியது. மாட்டால் கீறிப் புல்லை எட்ட முடியவில்லை. ஆயிரம் ஆயிரமாகச் செத்தன. பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் தம் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார். மொன்டானாவில் ஒரு பண்ணையாளர், மாடுகள் எப்படி இருக்கின்றன என்று முதலாளி கேட்ட கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். கூட இருந்த சார்லஸ் ரஸ்ஸல் என்ற இளம் மாட்டுக்காரர் ஒரு சிறு அட்டையில் படம் வரைந்தார்: எலும்பும் தோலுமாக ஒரு மாடு, பனியில் நிற்கிறது; ஓநாய்கள் சுற்றிக் காத்திருக்கின்றன. கடிதமே தேவைப்படவில்லை. அந்தப் படம் அவரைப் புகழ்பெற்ற ஓவியராக்கியது. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகுதான் பண்ணைகள் வேலி போட்டன, குளிருக்கென்று புல் அறுத்துச் சேர்த்தன. பணம் இருந்தவனைக் குளிர் விடவில்லை. வைக்கோற்போர் இருந்தவனை விட்டது.

போர் இருந்தால் போதுமா? கயிறும் வேண்டும். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே ஒரு கயிறு. புயலில் மாட்டுக்குத் தீனி வைக்கப் போகிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவான், பிடித்துக்கொண்டு வருவான். கையை விட்டால்? நீட்டிய கை தெரியாத பனியில், பத்தடியில் இருக்கும் வீட்டைத் தவறவிட்டு வெளிக்கு நடந்துவிடுவான்.

அப்படி ஒரு நாள், 1888 சனவரி 12. அன்று காலை இதமான வெயில். பிள்ளைகள் கனத்த உடை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். திடீரென்று வடமேற்கிலிருந்து புயல் வந்து விழுந்தது. அன்று இறந்தவர்கள் 235 பேர் என்று சொல்வார்கள். பலர் பள்ளிப் பிள்ளைகள். நெப்ராஸ்காவில் லோய் ராய்ஸ் என்ற இளம் ஆசிரியை, பள்ளியில் எரிபொருள் தீர்ந்ததால், மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாம் தங்கிய வீட்டுக்குக் கிளம்பினார். வீடு கூப்பிடு தூரம்தான். கண்டுபிடிக்க முடியவில்லை. இரவெல்லாம் வெளியில் அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தார். மூன்று பிள்ளைகளும் இறந்தார்கள். அவர் பிழைத்தார், பாதங்களை இழந்தார். அதே நாளில், அதே மாநிலத்தில், மின்னி ஃப்ரீமன் என்ற இன்னோர் ஆசிரியை தம் மாணவர்கள் அத்தனை பேரையும் ஒரு பண்ணை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். செய்தித்தாள்கள் அவரைக் கொண்டாடின. நான் இருவரையும் ஒரே தட்டில்தான் வைப்பேன். துணிவில் இருவரும் சமம்.

உடம்பைக் காப்பது இப்படி. மனத்தைக் காப்பது? அதைத்தான் பலரும் பேசுவதில்லை. நார்வேயிலிருந்து வந்த ஓலே ரோல்வாக் என்ற எழுத்தாளர் பேசினார். 1920களில் நார்வேஜிய மொழியில் எழுதி, ஆங்கிலத்தில் ‘ஜயன்ட்ஸ் இன் தி எர்த்’ என்று வந்த அவருடைய நாவலும் இதே 1880–81 குளிரில்தான் முடிகிறது. அதில் பெர் ஹான்சா வெட்டுவார், கட்டுவார், உழுவார். அவர் கண்ணில் எல்லாம் வருங்காலம். அவர் மனைவி பெரெட்டுக்கோ அந்த வெட்டவெளியில் ஒளிந்துகொள்ள ஓர் இடமில்லை. திசையெங்கும் வானம். பேச ஆளில்லை. மனம் மெல்ல மெல்ல உடைகிறது. கடைசியில், மரணப்படுக்கையில் கிடக்கும் நண்பருக்காகப் பாதிரியாரை அழைத்துவர பெர் ஹான்சா புயலில் கிளம்புகிறார், திரும்பவில்லை. நிலத்தை வென்ற மனிதரைப் பற்றிய நாவல் என்று அதைச் சொல்வோர் உண்டு. எனக்கு அது பெரெட்டின் நாவல். அரை மைல் இடைவெளியில் ஒரு பெண் என்ன ஆவாள் என்று கேட்ட நாவல்.

இப்போது டி ஸ்மெட்டுக்குத் திரும்புவோம். பட்டினி நெருங்குகிறது. அல்மான்சோ வைல்டர் என்ற இளைஞரிடம் விதைக் கோதுமை இருக்கிறது. சுவருக்குப் பின் பொய்ச்சுவர் வைத்து மறைத்திருக்கிறார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அடுத்த ஆண்டு ஏது என்று நம் பாட்டன்மார் நினைத்த அதே நினைப்புத்தான். கொடுக்கவும் மனமில்லை, கொடுக்காமல் ஊர் பட்டினி கிடப்பதைப் பார்க்கவும் மனமில்லை. என்ன செய்தார்? நாவல் சொல்கிறபடி, கேப் கார்லண்ட் என்ற நண்பரைக் கூட்டிக்கொண்டு, வானம் வெறித்த ஒரு நாளில் சறுக்குவண்டியில் தெற்கே கிளம்பினார். அங்கே எங்கோ ஒரு குடியானவரிடம் கோதுமை இருக்கிறதென்று கேள்வி. இடம் உறுதியில்லை. உயர்ந்த புல்லின் மேல் பனி பாலமாகப் படிந்து, உள்ளே வெற்றிடமாக இருக்கும். குதிரை கால் வைத்ததும் உள்ளே விழும். விழவிழத் தூக்கிவிட்டுப் போனார்கள். கண்டுபிடித்தார்கள். புஷல் என்ற தானிய அளவைக்கு ஒன்றே கால் டாலர் கொடுத்து வாங்கி, அடுத்த புயலுக்கு முன் ஊர் சேர்ந்தார்கள்.

கதை அத்தோடு முடிந்ததா? இல்லை. கோதுமைக்கு முதல் போட்ட கடைக்காரர் புஷல் மூன்று டாலர் என்றார். ஊர் திரண்டது. சிலர் கடையை உடைக்கலாம் என்றார்கள். லாராவின் அப்பா வேறு விதமாகப் பேசினார். உன் கடை, உன் உரிமை, சரி. ஆனால் குளிர் ஒருநாள் முடியும், அப்போது எங்கள் கை பார்த்துத்தானே நீ கடை நடத்த வேண்டும் என்ற பொருளில் எடுத்துச் சொன்னார். அந்த இளைஞர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்ததற்கு ஒரு காசு கூலி வாங்கவில்லை என்றும் தெரியவந்தது. கடைக்காரர் இறங்கி வந்தார். வாங்கிய விலைக்கே விற்றார். ஒவ்வொரு வீட்டுக்கும் தேவைக்கேற்பப் பங்கு வைத்தார்கள். என் கணக்கில் அந்த நாவலின் உச்சம், பனியில் குதிரை ஓட்டிய இடம் அல்ல. கடைக்குள் நடந்த இந்தப் பேச்சுத்தான்.

கடைசியாக ஒன்று. லாரா நாவலில் ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க, இங்கால்ஸ் வீட்டில் இன்னும் மூவர் இருந்தார்கள். ஜார்ஜ் மாஸ்டர்ஸ், அவர் மனைவி மேகி, அவர்களுடைய கைக்குழந்தை. லாராவுக்கு அவர்கள்மேல் மனக்குறை. வேலையில் கை கொடுக்கவில்லை, அடுப்புக்கு மிக அருகில் உட்கார்ந்துகொண்டார்கள் என்று. நாவலில் குடும்பம் தனித்து நின்றால்தான் கதைக்கு வலு என்று அவர்களை நீக்கிவிட்டார். அவருடைய தன்வரலாற்றுக் கையெழுத்துப்படி 2014இல் ‘பயனீர் கேர்ள்’ என்ற பெயரில் விரிவான குறிப்புகளோடு அச்சானபோதுதான் பொது வாசகர்களுக்கு அந்த மூவரும் நன்கு தெரியவந்தார்கள். மனக்குறை இருந்தது, ஆனாலும் யாரும் அவர்களைப் பனியில் இறக்கிவிடவில்லை. காப்பிப் பெட்டியில் அரைத்த அந்தக் கோதுமையை அவர்களுக்கும் பங்கிட்டுத்தான் அந்தக் குளிர்காலம் போயிற்று.

ஆகவே பிள்ளைகளே, நீங்கள் ‘நீண்ட குளிர்கால’த்தை எடுத்துப் படியுங்கள், நல்ல நாவல், கண்டிப்பாகப் படியுங்கள். படிக்கும்போது அந்த வீட்டின் மேசையைச் சுற்றி மாஸ்டர்ஸ் தம்பதியையும் அந்தக் கைக்குழந்தையையும் சேர்த்து உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். பெரியவர்கள் ரோல்வாக்கின் நாவலையும் அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.